பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். மனைக்கு அடியில் தொல்லியல் எச்சம் இருக்குமா என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

கேட்டவருடைய மனை புதுச்சேரியில் மிஷன் வீதிப் பக்கம் இருக்கிறது. பெரிய செலவு செய்யாமல் கணிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். ஓரளவுக்கு முடியும். நான் தொல்லியல் படித்தவன் அல்லன். கட்டடங்களுக்கு மண் பரிசோதனை செய்து பிழைப்பவன். புதுச்சேரியிலும் கடலூரிலும் துளை போட்டு எடுத்த மண்ணைப் பார்த்துப் பழகியதை வைத்துச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே இதுவரை யார் யார் தோண்டினார்கள் என்பதுதான் என்னுடைய முதல் கேள்வி. புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள பழந்துறைமுகமான அரிக்கமேடு கற்றுத்தந்த பாடம் அது. 1945இல் தொல்லியலாளர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, சுவர் இருக்க வேண்டிய சில இடங்களில் சுவரைப் பெயர்த்த குழிதான் மிஞ்சியிருந்தது. பின்னால் வந்தவர்கள் செங்கல்லுக்காகக் கடைக்காலையே எடுத்துப் போயிருந்தார்கள். ரோமானிய மதுச்சாடிகள் வந்திறங்கிய ஊருக்கே அந்தக் கதி என்றால், நம் மனை எம்மாத்திரம்?

உங்கள் இடத்தின் வரலாறு கனமானதுதான். பழைய வேதபுரீசுவரர் கோயில், மிஷன் வீதியிலுள்ள சம்பா கோயில் என்ற தேவாலயத்தை ஒட்டி இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையிட்ட சமயத்தில், அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அடுத்து 1761. ஆங்கிலேயர் நகரத்தைப் பிடித்துக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள், வீடுகளும் தப்பவில்லை. (மூன்று ஆண்டுக்கு முன் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் தகர்த்ததற்குக் கணக்குத் தீர்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 1765இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் பழைய வீதி அமைப்பின் மேலேயே மறுபடி கட்டினார்கள். அதனால் 18ஆம் நூற்றாண்டு வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்ப்பது இந்த ஊரில் மற்ற ஊர்களைவிடச் சுலபம். வீட்டின் பழைய பத்திரங்களையும் எடுத்து வையுங்கள். அதில் கிணறு, தோட்டம், கொட்டகை என்று எழுதியிருக்கும். தோட்டமாகவே கிடந்த பின்கட்டுதான் பல நேரங்களில் கைபடாத மண்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். எப்படியும் மண் பரிசோதனை செய்யத்தான் போகிறீர்கள். ஆனால் வழக்கமான முறையில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறைதான் மாதிரி எடுப்பார்கள். இடையிலுள்ள மண் தண்ணீரோடு சேறாகக் கழுவிப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. ஆகவே மேல் நான்கு மீட்டரைக் கை ஆகரால் (கையால் திருகி மண்ணெடுக்கும் துளைக்கருவி) எடுக்கச் சொல்லுங்கள். வரும் மண்ணை ஆழ வரிசையில் தார்ப்பாயில் பரப்பச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் கலந்து வந்தால் இடிபாடு. அதற்குக் கீழே கரி, சாம்பல், பானை ஓடு கலந்த கறுத்த மண் வந்தால் ஆள் குடியிருந்த அடுக்கு. எதுவும் கலக்காத வெறும் மணல் மீட்டர் கணக்கில் தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் அதற்கு மேல்தான் மனிதர் கதை எல்லாம். இடையில் மெல்லிய மணல் அடுக்கு வந்தால் ஏமாந்துவிட வேண்டாம்; தரையை உயர்த்தக் கொட்டிய மணலாகவும் இருக்கலாம்.

ஒரே துளையை நம்பக் கூடாது. ஒரு மனையில் இரண்டு துளைகளில் ஒன்றேகால் மீட்டரிலேயே காரையும் செங்கல்லும் வந்தன. மூன்றாவதில் ஐந்து மீட்டர் வரை கருஞ்சேறு. பழங்காலக் குளம் என்று வீட்டுக்காரருக்கு ஒரே பூரிப்பு. பத்திரிகைக்குச் சொல்லலாமா என்றுகூடக் கேட்டார். மதில்மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஆயா, "அது எங்கள் மாமனார் காலத்துக் கக்கூஸ் குழி, தம்பி" என்றார். அன்று மதியம் எங்கள் ஆட்கள் யாரும் சாப்பிடவில்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வேண்டும். இங்கிலாந்தில் 1990 முதல், எச்சம் இருக்கக்கூடிய இடங்களில் கட்டுமான அனுமதிக்கு முன்பே தொல்லியல் மதிப்பீடு கேட்கிறார்கள். என்னிடம் வந்த மனைகளில் ஒன்றுக்குக்கூட யாரும் அதைக் கேட்டதில்லை. ஆர்வத்தில் நீங்களே அகழாய்வுக் குழி போட்டுவிட வேண்டாம், அதற்கு அனுமதி பெற வேண்டும். துளையில் குடியிருப்பு அடுக்கு தென்பட்டால் தொல்லியல் துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கடைக்கால் தோண்டும் நாளில் ஒரு தொல்லியல் மாணவரையாவது கூட நிறுத்துங்கள்.

கட்டட வடிவமும் முக்கியம். தரைக்கடியில் கார் நிறுத்தம் என்றால் மனை முழுவதும் மூன்று மீட்டர் போய்விடும், நீங்கள் தேடும் எதுவும் மிஞ்சாது. பைல் (ஆழத்துக்கு இறக்கும் தூண் அடித்தளம்) போட்டால் சிதைவது சிறு பங்குதான். இங்கிலாந்தின் யார்க் நகரில் கட்டடத்தால் அழியும் எச்சம் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்து இந்த வழியில்தான் போனார்கள். நம் ஊரில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் அடித்தளக் கார் நிறுத்தம் வேறு வகையிலும் தொல்லை. என்னைக் கேட்டால் அதை முதலில் கைவிடுங்கள்.

அதற்கும் முன்பாக, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள மூத்தவர்களைக் கேட்டு, கிணறு எங்கே இருந்தது, குழிகள் எங்கே மூடப்பட்டன என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஆகர்க்காரரை அதன் பிறகு கூப்பிடலாம்.