ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்துபோகும் ஐடிபி நோயோடு இயல்பாக வாழ முடியுமா? ஸ்டீராய்டு தொடங்கச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது.

முடியும். ஒன்பதாவது வருடமாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, கணக்கு டீச்சர். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

நீங்கள் பெண்ணாக இருப்பீர்கள், முகம் ஊதிவிடும் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். அந்தப் பயத்தால் நான் செய்த வேலையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2017 அக்டோபர். தமிழ்நாடு முழுக்க டெங்கு. ஒருநாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், கொலுசுக்கு மேலே கால் முழுக்க ஊசியால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். அரிப்பு இல்லை, விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. தட்டணுக் கவுண்ட் பார்த்தால் 14,000. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே டெங்கு என்று முடிவு கட்டிவிட்டது. காய்ச்சலே இல்லையே என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வேறு சில பரிசோதனைகளும் செய்த பிறகு, மதுரையில் ஒரு ரத்தவியல் மருத்துவர் ஐடிபி என்றார். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்பொருள் நம் தட்டணு மேலேயே போய் ஒட்டிக்கொள்கிறது, அப்படி ஒட்டியதை மண்ணீரல் பிடித்து அழித்துவிடுகிறது என்று விளக்கினார்.

தினமும் 60 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. கவுண்ட் கிடுகிடுவென ஏறி 1,12,000 வந்தது. கூடவே பசியும் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பழைய சோற்றையும் சுண்டக் குழம்பையும் நின்றபடியே சாப்பிடுவேன். தூக்கம் போனது. கன்னம் இரண்டும் உப்பிக் கழுத்து காணாமல் போனது. டவுன் பஸ்ஸில் ஒரு அக்கா எழுந்து இடம் கொடுத்து, "எத்தனை மாசம்மா?" என்று கேட்டார். ஐந்து என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வேறென்ன சொல்ல?

தை மாதம் தம்பி கல்யாணம். மாத்திரையை 30 வரைக்கும் குறைத்திருந்தார்கள். அதே நேரம் எங்கள் அத்தை, வீட்டுக்காரரின் அம்மா, "எதுக்கும் நம்ம கைவைத்தியத்தையும் பாரேன்" என்று கொல்லைப்புறப் பப்பாளி மரத்து இலையை அரைத்துத் தினமும் ஒரு டம்ளர் கொடுக்க ஆரம்பித்தார்கள். குடித்தேன். ஆனால் கல்யாண போட்டோவில் இந்த முகம் வரக்கூடாது என்று, ஒன்பது நாள் முன்னால் மாத்திரையை நிறுத்தியது நான். யாரிடமும் சொல்லவில்லை. தினமும் அட்டையிலிருந்து பிரித்து வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன்.

முதல்நாள் சாயங்காலம் பல் ஈறில் ரத்தம். முகூர்த்தத்தன்று காலையில் மூக்கில். அரக்கு நிறப் பட்டு கட்டியிருந்ததால் முந்தானையில் துடைத்தது யாருக்கும் தெரியவில்லை. தாலி கட்டி முடியும்வரை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் கவுண்ட் 6,000. அன்றிரவே மதுரையில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். நாத்தனார் முறைக்கு வைத்திருந்த பணமும் என் வளையல் இரண்டும் அதில் போயின. ஸ்டீராய்டை நாமாகத் திடீரென்று நிறுத்தினால் கவுண்ட் சரிவது மட்டுமில்லை, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டும் தூங்கிப்போயிருக்கும், ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகிவிடும் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டபோது நான் பப்பாளிச் சாற்றைச் சொன்னேன். எல்லாரும் அத்தையைத் திட்டினார்கள். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் ஆள் வைத்து அந்த மரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். நல்ல காய்ப்பு மரம். இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அவர்கள் இந்தப் பக்கமெல்லாம் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

சித்த மருத்துவத்தைக் கேலி செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நிலவேம்புக் குடிநீரை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவள்தான் நானும். ஆனால் டெங்குவில் குறைந்த தட்டணு, காய்ச்சல் விட்ட சில நாளில் தானாகவே ஏறும். சாறு குடித்தாலும் ஏறும், குடிக்காவிட்டாலும் ஏறும். ஐடிபி அப்படி இல்லை. இது "உடம்புச் சூட்டால் வருவது" என்பவர்களுக்கு நான் ஒரு கதை சொல்வேன். 1950இல் அமெரிக்காவில் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் ஐடிபி நோயாளியின் ரத்தத்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணு தரைமட்டமானது. நல்லவேளை, சில நாளில் தேறிவிட்டார். கோளாறு ரத்தத்தில் ஓடுகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்த மனிதர் மாம்பழம் சாப்பிட்டுச் சூடு ஏற்றிக்கொள்ளவில்லை.

உப்பிய முகத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2018 மே மாதம், மறுபடி ஸ்டீராய்டில் இருந்தபோது, நான் வேலை பார்த்த பள்ளியில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வீடு வீடாக அனுப்பினார்கள். எம்.எஸ்சி., பி.எட். படித்துவிட்டு நோட்டீஸும் கையுமாக உச்சி வெயிலில். ஆளுக்குப் பத்துப் பிள்ளை சேர்க்காவிட்டால் மே மாதச் சம்பளம் கிடையாது. மெடிக்கல் சர்டிபிகேட்டை நீட்டினால், "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க டீச்சர்" என்கிறார் தாளாளர். தனியார் பள்ளி ஆசிரியர்களின் இந்தக் கொடுமையைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் தனியாகப் பத்துப் பக்கம் எழுதுவேன். அடுத்த வருடமே விட்டுவிட்டேன். இப்போது வீட்டில் டியூஷன்.

சரி, உங்கள் விஷயம். ஸ்டீராய்டு பெரும்பாலும் தொடக்கத்துக்குத்தான், ஆயுள் முழுக்க அல்ல. நோய் அதற்குக் கட்டுப்படாவிட்டால் வேறு வழிகள் உண்டு. மண்ணீரலை எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நன்றாகவே பலன் தருகிறதாம். எனக்குத்தான் மனம் வரவில்லை. 2019இலிருந்து எல்ட்ராம்போபேக் மாத்திரை. அது எலும்பு மஜ்ஜையைத் தூண்டி அதிகமாகத் தட்டணு செய்ய வைக்கிறது. கவுண்ட் 50,000க்கும் 80,000க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறது, அது போதும். ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை லேபுக்கு ஓடி, அந்த எண்ணைப் பார்த்துத்தான் அன்றைக்குச் சிரிப்பதா அழுவதா என்று முடிவு செய்வேன். இப்போது டாக்டர் சொன்ன தேதியில் மட்டும் போகிறேன்.

காய்ச்சல், தலைவலிக்குப் பாராசிட்டமால் தவிர எதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் நமக்கு ஆகாது. மென்மையான பிரஷ் வாங்குங்கள். மாதவிலக்கில் போக்கு அதிகமாக இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு. தலையில் அடி பட்டாலோ, தாங்க முடியாத தலைவலி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

எனக்கு இன்றைக்கும் பெரிய கஷ்டம் காப்பிதான். இந்த மாத்திரைக்கும் பாலுக்கும் ஆகாது, கால்சியம் சேர்ந்தால் உடம்பில் ஏறாதாம். காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து மாத்திரையைப் போட்டுவிட்டு ஏழு மணி வரைக்கும் காத்திருப்பேன். அத்தை ஆறரைக்கே டிகாக்‌ஷன் இறக்கிவிடுவார்கள். அந்த வாசனையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏழு அடித்ததும் அவர்களே கொண்டு வந்து கையில் கொடுப்பார்கள்.