கேள்வி-பதில்: பழைய ஜீப்பில் ஸ்டியரிங் ஆடுகிறது, எதை வாங்குவது?

பெரும்போக விதைப்பு நெருங்கினால் வயலுக்குள் ஓடும் பழைய ஜீப்புகள் எல்லாம் கராஜ் வாசலுக்கு வந்துவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஸ்டியரிங் பற்றியவை. மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வவுணதீவு வாசகர்: 83ஆம் ஆண்டு மிட்சுபிசி ஜீப். ஸ்டியரிங்கை நாலு விரல் அளவு திருப்பிய பிறகுதான் சில்லு அசைகிறது. ஸ்டியரிங் பொக்ஸை (ஸ்டியரிங் சுற்றுவதைச் சில்லுப் பக்கம் அனுப்பும் கியர்ப் பெட்டி) மாற்றச் சொல்கிறார் கராஜ் பாஸ். கொழும்பில் ரெக்கண்டிஷன் (பழையதைப் புதுப்பித்த) பொக்ஸ் ஒன்று பேசி வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

இப்போது வேண்டாம். ஆட்டம் எங்கே இருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லையே. ஸ்டியரிங்குக்கும் சில்லுக்கும் நடுவில் இருப்பது பொக்ஸ் மட்டுமல்ல, பொக்ஸிலிருந்து சில்லுப் பக்கம் போகும் டிராக் லிங்க், இரண்டு முன் சில்லையும் இணைக்கும் டை ரொட் என்ற கம்பிகளும் அவற்றின் முனைகளில் வரிசையாக மூட்டுகளும் இருக்கின்றன. பெரும்பாலும் முதலில் தேய்வது அவைதான்.

இஞ்சினை நிறுத்திவிட்டு, சில்லு நிலத்தில் நிற்கும்போதே வீட்டில் ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்து, ஒவ்வொரு மூட்டையும் உள்ளங்கையால் பொத்திப் பிடியுங்கள். தேய்ந்த மூட்டு கைக்குள் 'டக்' என்று தட்டும். ஒரு பக்கம் நகர்ந்து, கொஞ்சம் பொறுத்துத்தான் மறுபக்கம் நகரும். அப்புறம் பொக்ஸைப் பாருங்கள். பொக்ஸே செசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ஆடினால் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது வாவிக்கரை உப்புக்காற்றில் செசி அரித்து வெடித்திருக்கும். இவை எல்லாம் சரியாக இருந்து, ஸ்டியரிங் திரும்பியும் பொக்ஸிலிருந்து வெளியே வரும் இரும்புக் கை அசையாமல் நின்றால்தான் பொக்ஸில் குறை.

நான் இதைச் செய்யாமல் 32,000 ரூபாயை இழந்தவன். கொழும்பில் ஒரு கடையில் கறுப்புப் பெயின்ட் மணம் மாறாத பொக்ஸ் ஒன்றை வாங்கி வந்து பூட்டினேன். கல்லடிப் பாலம் தாண்டும் முன்பே அதே ஆட்டம். குறை டிராக் லிங்க் மூட்டில் இருந்திருக்கிறது. பிறகு அந்தப் பொக்ஸைத் திறந்து பார்த்தால், உள்ளே குண்டுகள் ஓடும் தடம் குழி குழியாக இருந்தது. பெயின்ட் அடித்ததைத் தவிர அதில் ஒரு வேலையும் நடக்கவில்லை. பில் கேட்டு வாங்காததால் திரும்பிப் போய் நிற்கவும் முடியவில்லை.

பொத்துவில் வாசகர்: டிபென்டர் வைத்திருக்கிறேன், குமண பக்கம் சுற்றுலா ஆட்களை ஏற்றி ஓடுகிறேன். 60க்கு மேல் போனால் முன்பக்கம் உதறுகிறது. புது ஸ்டியரிங் டெம்பர் (உதறலை அமுக்கும் சாமான்) போட்டால் நிற்குமா?

நிற்காது, கொஞ்ச நாளைக்கு மறையும். பனார்ட் ரொட் (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ், டை ரொட் மூட்டுகள், ஸ்விவல் (முன் சில்லு திரும்பும் மூட்டு), டயர் பேலன்ஸ் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் வரை ஆள் ஏற்றாதீர்கள்.

களுவாஞ்சிகுடி வாசகர்: வரம்பில் ஏறியபோது டை ரொட் வளைந்துவிட்டது. சூடாக்கி நிமிர்த்தி, வெடிப்பில் வெல்டிங்கும் பிடித்துத் தந்தார்கள். பயமில்லை என்கிறார்கள்.

எனக்குப் பயம். இன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். சூடு பட்ட இடத்தில் இரும்பின் பலம் மாறிவிடும், முறியும் முன் எதுவும் காட்டாது. முறிந்தால் இரண்டு முன் சில்லும் ஆளுக்கொரு திசையில் போகும். வேறு ரொட் வாங்குங்கள்.

சாய்ந்தமருது வாசகி: வாப்பாவின் லேண்ட் குரூசரில் கிங் பின் (முன் சில்லு இடம் வலம் திரும்பும் அச்சாணி) பெயாரிங் நாலும் மாற்றியதாகக் காசு வாங்கினார்கள். மூன்று கிழமையில் பழையபடி ஆட்டம். வேறு கராஜில் கழற்றினால் உள்ளே இருப்பது துருப்பிடித்த பழைய பெயாரிங். பில்லில் 'முன்பக்க வேலை' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வாப்பா "விடு மகள்" என்கிறார். விடலாமா?

விட வேண்டாம் தங்கச்சி. உங்கள் வாப்பாவை ஏமாற்றியிருக்கிறார்கள், அதுவும் உயிர் தங்கியிருக்கிற இடத்தில். இரண்டாவது கராஜில், கழற்றியபோது கண்டதைத் திகதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பழைய பெயாரிங்குகளைக் கழுவாமல், கிரீஸோடும் துருவோடும் ஒரு பையில் கட்டி வையுங்கள். முதலில் வேலை செய்தவரிடம் பில்லோடு போய்ப் பணத்தைக் கேளுங்கள். தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இதை எல்லா வாசகருக்கும் சொல்கிறேன், பல வருடமாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்: கழற்றின சாமானைக் கையில் வாங்குங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய ஜீப்பைப் பழுதுபார்த்தே ஓட்டும் நிலைக்கு வந்தோம். சாமானின் விலை ஏறியது, அதோடு மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லும் வேலையும் கூடியது. வண்டியை விடும்போதே "பழையது எனக்கு வேணும்" என்று சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டால் நல்ல பாஸ் கோபிக்க மாட்டார், தானே பெட்டியில் போட்டு எடுத்து வைப்பார். பில்லில் சாமானின் பெயர், எண்ணிக்கை, புதியதா பழையதா, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "தெரிந்த ஆள்தானே, பில் எதுக்கு" என்ற பேச்சைக் கேட்டுத்தான் நம் ஊரில் இத்தனை பேர் காசை விட்டிருக்கிறார்கள். தெரிந்த ஆள் என்றால் எழுதித் தருவதில் அவருக்கு என்ன கஷ்டம்?

அக்கரைப்பற்று வாசகர்: டை ரொட் எண்ட் (டை ரொட்டின் முனை மூட்டு) இரண்டு விலையில் இருக்கிறது. பெட்டி இரண்டும் ஒரே மாதிரி. எப்படிப் பார்த்து வாங்குவது?

பெட்டியை விட்டுவிட்டுச் சாமானைப் பாருங்கள். உங்கள் பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கூம்பு வடிவத் தண்டின் பருமன் ஒத்துவர வேண்டும், அது பூட்டப்படும் இரும்புக் கையின் துளைக்குள் செருகிப் பார்க்கும்போது ஆடக்கூடாது. டை ரொட்டில் ஒரு முனைக்கு வலப்புரி, மற்றதுக்கு இடப்புரி, அதனால் எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லி வாங்குங்கள். மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை விரலால் மடித்துப் பாருங்கள், அப்போதே கீறல் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டும்போது ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் துளையில் செருகும் ஊசி) புதியதாக இருக்க வேண்டும். துளை நேருக்கு வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. முடிந்ததும் எலைன்மென்ட் (சில்லுகளின் நேர்) பாருங்கள், இல்லாவிட்டால் புது டயரைத் தின்றுவிடும்.

செங்கலடி வாசகர்: பேஸ்புக்கில் படம் பார்த்து ஜீப் ஒன்று வாங்கினேன். பெரிய மட் டயர், நல்ல பாட்டு செட், புதுப் பெயின்ட். முழுக் காசும் கொடுத்துவிட்டேன். இப்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. அடுத்த கிழமை யாழ்ப்பாணம் போக வேண்டும். அவசரமாக என்ன செய்யலாம்?

பஸ்ஸில் போங்கள். காசு கொடுக்கும் முன் ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தீர்களா? அடியில் குனிந்து பார்த்தீர்களா? கடிதத்தில் டயரும் செட்டும் இருக்கிறது, இந்த இரண்டும் இல்லை. அந்தப் பெரிய டயர்தான் மூட்டுகளையும் பெயாரிங்கையும் இன்னும் வேகமாகத் தின்னும். முன்சில்லை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் சில்லுப் பெயாரிங், நிற்காவிட்டால் கிங் பின். இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் டை ரொட்டின் குறை தெரியும். அதன் பிறகு கராஜுக்குப் போங்கள்.

கல்லடி வாசகர்: ஆட்டத்துக்காகப் பொக்ஸின் மேலிருக்கும் திருகை இறுக்கித் தந்தார்கள். ஆட்டம் போய்விட்டது, ஆனால் வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை.

அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார்கள். பொக்ஸ் தேய்வது நேராக ஓடும் நடு இடத்தில். அங்கே ஆட்டம் முழுதும் போக இறுக்கினால், தேயாத ஓரங்களில் பிடிக்கும். இரண்டு முன் சில்லையும் தூக்கி வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை திருப்பிப் பாருங்கள். எங்கேயும் கல் அகப்பட்டது போல் இறுகக் கூடாது. இறுகினால் திருகைத் தளர்த்தி லொக் நட்டைப் பூட்டச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் சின்ன ஆட்டத்தோடு ஓடலாம், இறுகும் ஸ்டியரிங்கோடு ஓடக்கூடாது.

உன்னிச்சை வாசகர்: ஸ்டியரிங் மூட்டுகளுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை கிரீஸ்?

வண்டியின் புத்தகத்தில் உள்ளபடி. தண்ணீருக்குள்ளோ சேற்றுக்குள்ளோ இறக்கினால் அன்றைக்கே, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை.