லிசனிங்கில் மட்டும் நிற்கிறது

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து போவதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.ஈ.டி.யை இரண்டு முறை எழுதினேன். ரீடிங்கிலும் ஸ்பீக்கிங்கிலும் பி கிரேடு, ரைட்டிங்கில் சி பிளஸ். லிசனிங்கில் மட்டும் முதல் முறை 310, போன மே மாதம் 330. வேண்டியது பி கிரேடு, அதாவது 350. கோச்சிங் சென்டரில் தினமும் இரண்டு மாக் டெஸ்ட் எழுதச் சொல்கிறார்கள், எழுதுகிறேன். வேலை முடிந்து வந்தால் சமைக்கும்போது ஆங்கிலச் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சப்டைட்டிலோடு ஆங்கிலப் படம் பார்க்கிறேன். மார்க் அசையவே இல்லை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். என் காதே இவ்வளவுதானா? பொதுவான ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸுக்கு மாறிவிடலாமா? ஒரு தடவைக்கு முப்பதாயிரத்துக்கு மேல் செலவாகிறது. வீட்டில் இனிமேல் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தோன்றுகிறது. இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. கேட்பது லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி, ரைட்டிங்கில் சி பிளஸ். இதில் உங்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. 12 மாத இடைவெளிக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டுவதற்கு 2023 முதல் வழி இருக்கிறது. எந்தத் தேர்விலும் எந்தப் பகுதியும் தேவையான கிரேடைவிட அரைப் படிக்கு மேல் இறங்கியிருக்கக்கூடாது, அவ்வளவுதான். உங்கள் 330 சி பிளஸ்ஸுக்குள் வருகிறது, அதாவது பி-க்கு அரைப் படி கீழே. ஆகவே அடுத்த மே மாதத்துக்குள் நீங்கள் எழுதும் தேர்வில் லிசனிங்கில் 350 எடுத்து, மற்றவை ரொம்பச் சறுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ரீடிங் 340-க்கு இறங்கினால்கூடப் பாதகமில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் என்.எம்.சி. இணையதளத்தில் இந்த விதியை ஒரு முறை நீங்களே படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஏஜென்ட் சொன்னார், சென்டரில் சொன்னார்கள் என்று விட்டுவிட வேண்டாம்.

இதனால்தான் ஐ.இ.எல்.டி.எஸ். வேண்டாம் என்கிறேன். அங்கே மாறினால் நான்கு பகுதிகளையும் புதிதாகத் தொடங்க வேண்டும். ஓ.ஈ.டி. மதிப்பெண்ணை அதோடு சேர்க்க முடியாது. அதில் லிசனிங்குக்கு 7 வேண்டும், ரைட்டிங்குக்கே 6.5 வேண்டும், லிசனிங்கில் ஒரு எழுத்துப் பிழை வந்தாலும் அந்த விடை தவறுதான். ஓ.ஈ.டி.யில் பொருள் தெளிவாக இருந்தால் சின்ன எழுத்துப் பிழையை மன்னித்துவிடுகிறார்கள். தவிர, நீங்கள் நர்ஸ். நோயாளியின் பேச்சைக் கேட்பது உங்கள் தொழில். பல்கலைக்கழக விரிவுரையை எதற்காகப் போய்க் கேட்க வேண்டும்?

சரி, மார்க் ஏன் அசையவில்லை? சுகர் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருந்தால் சுகர் குறையாது என்று நோயாளிகளுக்கு நீங்களே எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள். மாக் டெஸ்ட்டும் அப்படித்தான். 42 கேள்விக்கு 26 சரி என்று அது சொல்லும். மீதி 16 ஏன் போயின என்று சொல்லாது. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். விடைத்தாளைப் பார்த்து, டிக் போட்டு, பெருமூச்சு விட்டு, அடுத்த டெஸ்ட்டைத் திறந்திருப்பீர்கள். இது உங்கள் தவறில்லை, உங்களுக்குச் சொல்லித்தந்த முறை அப்படி. ஆனால் அதை இன்றோடு நிறுத்துங்கள். மாக் டெஸ்ட் பத்து நாளுக்கு ஒன்று போதும்.

தவறிய ஒவ்வொரு விடைக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. அந்த வார்த்தையே உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்த வார்த்தைதான், ஆனால் ஓடுகிற பேச்சில் அதை அடையாளம் காண முடியாமல் போயிருக்கலாம். இல்லாவிட்டால் சரியாகவே கேட்டிருப்பீர்கள், எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அடுத்தது கடந்து போயிருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தமிழ் மீடியத்தில் படித்து, ரீடிங்கில் பி எடுக்கிற அளவுக்கு வளர்ந்த உங்களைப் போன்றவர்களுக்கு முக்கால்வாசி இரண்டாவது காரணம்தான் இருக்கும். உங்கள் காதில் எந்தக் கோளாறும் இல்லை. நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றுக்கொண்டோம், அதுதான் விஷயம். எழுத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே காதில் விழும் என்று எதிர்பார்க்கிறோம். தமிழில் அசைகளை அவ்வளவாக விழுங்குவதில்லை, ஆங்கிலேயர்களோ அழுத்தம் விழும் அசையை மட்டும் முழுதாகச் சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் விழுங்கிவிடுவார்கள். ‘ஷுட் ஹாவ் டோல்ட்’ என்று நீங்கள் காத்திருப்பீர்கள், வருவது ‘ஷுடவ் டோல்ட்’. ‘நாட் அட் ஆல்’ என்பது ‘நாட்டடால்’ என்று ஒரே வார்த்தையாக வந்து விழும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ‘கேன்’. நம் ஊரில் ‘ஐ கேன் ஸ்லீப்’ என்று கேனை அழுத்திச் சொல்வோம். அவர்கள் தூங்க முடிகிறது என்று சொல்லும்போது அது ‘ஐ கன் ஸ்லீப்’ என்று மங்கிப்போகும், அழுத்தம் முழுக்க ஸ்லீப்பில். தூங்க முடியவில்லை என்றால் பிரிட்டிஷ்காரர் ‘காண்ட்’ என்று இழுப்பார், கடைசி ட் பெரும்பாலும் கேட்காது. அமெரிக்கர் சொல்லும் ‘கேன்ட்’டிலும் அந்த ட் தொண்டையில் நின்றுவிடும். ஆக, நம் காதுக்கு அழுத்தமாக ‘கேன்’ என்று கேட்டால் அங்கே அது பெரும்பாலும் ‘முடியாது’. நோயாளி சொன்னதற்கு நேர் எதிராக எழுதிவிடுவோம். ஃபிஃப்டீன், ஃபிஃப்டியும் இப்படித்தான். ஃபிஃப்டீனில் பின்பாதி நீண்டு ன் ஒலிக்கும், ஃபிஃப்டி வெடுக்கென்று முடிந்துவிடும். மருந்து அளவில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நாளைக்கு ஒரு வார்டில் நின்று கேட்கப்போகிற காதைத்தான் இப்போது தயார் செய்கிறீர்கள். தேர்வு முடிந்த பிறகும் இந்த உழைப்பு வீணாகாது.

அந்தக் காதை எப்படித் தயார் செய்வது? நீங்கள் எழுதி முடித்த மாக் டெஸ்ட் ஒன்றை எடுங்கள். எழுத்து வடிவம் கூடவே இருப்பதாகப் பார்த்து எடுங்கள். ஓ.ஈ.டி. இணையதளத்திலேயே இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. அதில் ஒரே ஒரு நிமிடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடம் போதுமா என்று யோசிக்காதீர்கள், போதும். எழுத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுவதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். விழாத இடத்தில் கோடு போடுங்கள். நான்கைந்து முறை கேளுங்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்காதீர்கள், குறைத்தால் விழுங்கிய ஒலிகள் நீட்டி ஒலிக்கும், அது தேர்வில் வராத ஆங்கிலம். அப்புறம் எழுத்து வடிவத்தை எடுத்து ஒப்பிடுங்கள். சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: தெரியாத வார்த்தை, ஒட்டிப்போன ஒலி, விழுங்கிய ஒலி, எண். பத்து நாளில் உங்கள் நோட்டே உங்கள் பலவீனத்தைச் சொல்லிவிடும். எந்த சென்டரும் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது.

ஒப்பிட்டு முடித்ததும் அதே நிமிடத்தை ஓடவிட்டு, எழுத்தைப் பார்த்துக்கொண்டு, பேசுபவரோடு கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் விழுங்குகிற இடத்தில் நீங்களும் விழுங்குங்கள். வாய் ஒரு ஒலியைச் செய்து பழகிவிட்டால் காது அதைச் சுலபமாகப் பிடிக்கும். முதலில் வெட்கமாக இருக்கும், மொட்டை மாடிக்குப் போய்ச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் எழுத்து இல்லாமல் ஒரே ஒரு முறை கேளுங்கள், நேற்று கோடு போட்ட இடமெல்லாம் தெளிவாகக் கேட்கும். மொத்தம் அரை மணி நேர வேலை. நைட் டூட்டி வாரத்தில் அரை மணி நேரமும் முடியாது. அந்த வாரம் பழைய நிமிடங்களைக் கூடவே சொல்லிப் பார்ப்பதோடு விட்டுவிடுங்கள். தூக்கம் கெட்ட காது எதையும் பிடிக்காது.

சமைக்கும்போது ஓடும் செய்தியால் பெரிய பலன் இல்லை. நிறுத்தவும் வேண்டாம், அதைப் பயிற்சி என்று கணக்கில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். சப்டைட்டில் ஓடும்போது உங்கள் கண் படிக்கிறது, காது ஓய்வெடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை படத்தை ரசிப்பதற்காகப் பாருங்கள். கேட்க வேண்டும் என்றால் பி.பி.சி. உலக சேவையின் ‘ஹெல்த் செக்’, ஆஸ்திரேலியாவின் ஏ.பி.சி. வானொலி தரும் ‘ஹெல்த் ரிப்போர்ட்’ இரண்டும் உங்கள் லிசனிங் தேர்வின் கடைசிப் பகுதியான சி-க்கு நெருக்கமான பேச்சு. அவை கடினமாக இருந்தால் பி.பி.சி. லேர்னிங் இங்கிலீஷின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ இருக்கிறது, எழுத்து வடிவமும் கூடவே தருகிறார்கள்.

இனி தேர்வுக்கு வருகிறேன். லிசனிங்கில் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள். ஏ பகுதிக்குத்தான் 24 கேள்விகள், பாதிக்கும் மேல். ஐந்து நிமிட உரையாடல் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரே முறைதான் ஒலிக்கும். நோயாளிதான் அதிகம் பேசுவார், அவர் டாக்டர் மாதிரி பேச மாட்டார். கை கால் மரத்து ஊசி குத்துவது போலிருப்பதை நீங்கள் பாடப்புத்தகத்தில் ‘பாரஸ்தீசியா’ என்று படித்திருப்பீர்கள், அவர் ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்பார். சிறுநீர்ப் பிரச்சினையை வயதானவர்கள் ‘வாட்டர்வொர்க்ஸ்’ என்று கூச்சத்தோடு சொல்வார்கள். பசி இல்லை என்பதற்கு ‘ஆஃப் மை ஃபுட்’, வாந்திக்கு ‘த்ரோயிங் அப்’, மயங்கி விழுந்ததற்கு ‘பாஸ்ட் அவுட்’. வைட்டமின் என்று நாம் சொல்வதைப் பிரிட்டிஷ்காரர் ‘விட்டமின்’ என்பார், மைக்ரேன் அவர் வாயில் ‘மீக்ரேன்’ ஆகிவிடும். இவற்றுக்குத் தனியாக ஒரு சின்ன நோட் போடுங்கள். இன்னொன்று, லிசனிங் தேர்வு பன்னிரண்டு மருத்துவத் தொழில்களுக்கும் பொதுவானது. பிசியோதெரபிஸ்ட்டிடமோ டயட்டீஷியனிடமோ போன நோயாளியும் வருவார். உங்கள் மருத்துவமனையில் அந்தத் துறைகளில் இருக்கும் தோழிகளிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ பகுதி தொடங்கும் முன், கேட்டு நிரப்ப வேண்டிய குறிப்பைப் படிக்க 30 வினாடி தருவார்கள். அதில் தலைப்புகளை மட்டும் பாருங்கள், எந்தக் கோட்டில் அறிகுறி வரும், எதில் மருந்து, எதில் காலம் என்று மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். விடைகள் கேள்வி வரிசையிலேயே வரும். கேட்ட வார்த்தையையே எழுதுங்கள், உங்கள் மருத்துவ வார்த்தையாக மாற்றி எழுதாதீர்கள். ஒன்று தவறினால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள், தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒன்றை நினைத்துக்கொண்டே அடுத்த மூன்றை இழப்பவர்கள்தான் 330-இல் நிற்பவர்கள்.

பி பகுதியில் வார்டுப் பேச்சு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம், ஆறு துண்டுகள். ஷிஃப்ட் மாறி ஹேண்ட்ஓவர் எடுக்கும்போது நீங்கள் தினமும் பின்பற்றும் எஸ்பார் முறை (நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசை) அதில் கைகொடுக்கும். சி பகுதியில் ஒரு எச்சரிக்கை மட்டும்: காதில் விழுந்த அதே வார்த்தை கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றில் இருந்தால் சந்தேகப்படுங்கள். பேசுபவர் ‘முதலில் இப்படி நினைத்தேன்’ என்று ஆரம்பித்து ‘பட்’ என்று திரும்புவார். அந்த ‘பட்’டுக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் அவர் கருத்து.

தேதி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 42-க்கு 30 சரியாக இருந்தால் பி வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள், தேர்வின் கடினத்தைப் பொறுத்து அது கொஞ்சம் ஏறும் இறங்கும். நீங்கள் இதுவரை கேட்டிராத இரண்டு மாக் டெஸ்ட்டில் அடுத்தடுத்து 33, 34 வந்தால் பணம் கட்டுங்கள். இரண்டு மூன்று மாதம் ஆகலாம். வீட்டில் கேட்கும்போது நோட்டையும் எடுத்துக் காட்டுங்கள். முதல் வாரத்துப் பக்கத்தில் எத்தனை கோடு இருந்தது, இப்போது எத்தனை என்று அவர்களுக்கே தெரியும்.