புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் முடித்த கையோடு ஓசூர் திரும்பலாமா?

கேள்வி: நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். பிப்ரவரியில் குடும்பத்தோடு புதுச்சேரி போகிறோம். கடைசி நாள் காலையில் ஸ்கூபா டைவிங் செய்துவிட்டு, மதியமே காரில் கிளம்பி இரவுக்குள் வீடு வந்து சேரலாம் என்று திட்டம். எனக்கு நீச்சல் தெரியாது. 9 வயது மகனும் கடலில் இறங்கணும் என்று அடம்பிடிக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் தாராளமாக டைவிங் செய்யலாம். ஆனால் அன்றே ஊர் திரும்பாதீர்கள். டைவிங் முடித்ததும் விமானம் ஏறக் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காரில்தானே போகிறோம் என்று தோன்றும். ஓசூர்க்காரர்களுக்கு அந்தக் கணக்கு சரிவராது.

முதுகில் மாட்டும் சிலிண்டரில் இருப்பது தனி ஆக்சிஜன் அல்ல, நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். அதில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதனால் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மூச்சு வழியாக மெதுவாகத்தான் வெளியேறும், பல மணி நேரம் ஆகும். அதற்குள் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் உடம்புக்குள்ளேயே குமிழிகள் உருவாகலாம். மூட்டு வலி, மரத்துப்போதல், அசாதாரணக் களைப்பு எல்லாம் இதன் அறிகுறிகள்.

திருவண்ணாமலை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக வரும்போது ஏறுகிறோம் என்பதே தெரியாது. ஆனால் ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். புதுச்சேரியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டுவந்தால், வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் உப்பியிருக்கும். விமானப் பயணத்துக்கான டைவிங் வழிகாட்டுதல் சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்தே பொருந்தும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ் என்றால் 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும். தருமபுரி 500 மீட்டருக்குள் இருப்பதால் அங்குள்ளவர்களுக்கு இவ்வளவு கறார் தேவையில்லை. வழியில் ஏற்காடு ஏறினால் அவர்களுக்கும் இதே கணக்குதான்.

ஆழம் குறைந்த ஒற்றை டைவில் ஆபத்து குறைவு என்பது உண்மைதான். என்றாலும் ஒரு ராத்திரி தங்கினால் தீரும் விஷயத்தில் ஏன் துணிச்சல் காட்ட வேண்டும்?

நீச்சல் தெரியாதது தடையில்லை. முதல்முறை இறங்குபவர்களைப் பயிற்சியாளர் கூடவே இருந்து அழைத்துப்போவார். 12 மீட்டருக்குக் கீழே போக மாட்டார்கள். சான்றிதழ் படிப்புக்குத்தான் நீச்சல் தேவை. ஆனால் முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது பதறாமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள். அதற்கு நீச்சல் குளம் போதும், கே.ஆர்.பி. அணையிலோ ஒகேனக்கல்லிலோ இறங்க வேண்டாம்.

பலரைப் பாதியில் மேலே அனுப்புவது காது வலிதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மூக்கு வழியாக மெல்லக் காற்றை ஊதினால் காதுக்குள் லேசாக ‘டப்’ என்று திறக்கும். தலை தண்ணீருக்குள் போனதுமே தொடங்கி, சிறிது சிறிதாக இறங்கும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு அழுத்தி ஊதக் கூடாது. சைகை காட்டி, கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயலுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று டைவிங்கே வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், பாதியில் அதன் வேகம் தணிந்து மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும். அப்புறம், சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது. மேலே வரும்போது நுரையீரலில் இருக்கும் காற்று விரியும்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மகனுக்குக் கடலில் டைவிங் இப்போது வேண்டாம், 10 வயது ஆகட்டும். யாராவது சரி என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

திட்டத்தை மட்டும் மாற்றுங்கள். டைவிங்கை முதலில் முடித்துவிட்டு, ஆரோவில்லையும் கடற்கரைச் சாலையையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கடல் கொந்தளித்துப் படகு போகாவிட்டாலும் அடுத்த நாள் கையில் இருக்கும்.