கனூ (துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு) பயணத்துக்குப் பழைய முறைப் பையை வீட்டிலேயே தைக்க முடியுமா? தலையில் பட்டை மாட்டிச் சுமந்தால் கழுத்து தாங்குமா?

தாராளமாகத் தைக்கலாம். டொராண்டோவில் என் வீட்டுச் சாதாரண தையல் மெஷினில் இரண்டு பை தைத்தேன். ஏழு கோடைகளாக, கனடாவில் ஏரிகளும் காடுமாக இருக்கும் அல்கோன்குவின் பூங்காவுக்கு அவற்றோடுதான் போய் வருகிறேன். கழுத்தும் தாங்கும், பட்டை உட்காரும் இடம் சரியாக இருந்தால்.

முதலில் பை. இங்கே டுலூத் பேக் என்று சொல்லும் வடிவத்துக்கு 1882-ல் மினசோட்டாவின் டுலூத் நகரில் கமில் பொரியர் என்பவர் காப்புரிமை வாங்கினார். பெரிய தபால் உறை மாதிரி இருக்கும். உள்ளே சட்டம் கிடையாது, மேலே ஒரு நீள மூடி, தோள்வார், தலைப்பட்டை, அவ்வளவுதான். சட்டம் இல்லாததால் கனூவின் அடியில் அழகாகப் படிந்து கிடக்கும். நான் வைத்த அளவு 24 அங்குல அகலம், 28 அங்குல உயரம், பக்கவாட்டில் 6 அங்குலம். துணி, சதுர கஜத்துக்கு 18 அவுன்ஸ் எடையுள்ள பருத்தி கான்வாஸ். 18-ஆம் நம்பர் ஊசியும் பாலியஸ்டர் நூலும் போடுங்கள். நாலு மடிப்பு சேரும் இடத்தில் மெஷின் திணறும். அந்த மடிப்பை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நசுக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் தையுங்கள்.

என் முதல் பையில் தோள்வாரை ஒற்றைத் துணியில் தைத்துவிட்டேன். இரண்டாம் நாளே, நடுக்காட்டில், வார் துணியோடு கிழிந்து வந்தது. மீதி வழி முழுக்கப் பையைக் குழந்தையைப் போல முன்னால் அணைத்துக்கொண்டு நடந்தேன். வார் சேரும் இடத்தில் உட்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு கான்வாஸ் ஒட்டு வையுங்கள். சதுரமாக ஒரு தையல், அதன் குறுக்கே பெருக்கல் குறி போல ஒரு தையல். மெழுகு பூசினாலும் கான்வாஸ் மழையை முழுதாகத் தடுக்காது. உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று கட்டாயம் வேண்டும்.

அப்புறம், நீங்கள் பயப்படுகிற தலைப்பட்டை. இங்கே டம்ப்லைன் என்பார்கள். வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடமிருந்து வந்த முறை இது. விலங்குகளின் ரோமத்தோல் (ஃபர்) வணிகக் காலத்துப் படகோட்டிகள் இதை மாட்டித்தான் 41 கிலோ பொதிகளை இரண்டிரண்டாகச் சுமந்தார்கள். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே இப்படிச் சுமந்து கடக்கிற பாதைக்குத்தான் போர்ட்டேஜ் என்று பெயர்.

முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு அம்மாயி ஞாபகம் வந்துவிட்டது. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். இடுப்பில் படங்கு (சுற்றிக் கட்டும் தடித்த துணி), முதுகில் கூடை, தலையில் மடித்த துணி, அதன்மேல் கூடைக் கயிறு. கயிறு நெற்றியில் இருக்காது, முன்னந்தலையில் இருக்கும். டம்ப்லைனும் அங்கேதான் உட்கார வேண்டும்: முடி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, உச்சிக்கு முன்னால். நெற்றிக்கு இறங்கினால் தலை பின்னால் இழுபடும், கழுத்து வலிக்கும். சரியான இடத்தில் இருந்தால் பாரம் முதுகெலும்பு வழியாக நேரே கீழே இறங்கும்.

பட்டை இரண்டரை அங்குல அகலமாவது இருக்கட்டும். தோல் கிடைக்காவிட்டால் கான்வாஸை இரட்டையாக மடித்துத் தையுங்கள். விளிம்பு உருண்டையாக இல்லாவிட்டால் அறுக்கும். நீளத்தைப் பை நிறைந்தபின்தான் சரி பார்க்கவேண்டும். மாட்டிக்கொண்டு லேசாக முன்னால் சாயுங்கள். தோள்வாருக்கு அடியில் இரண்டு விரல் சுலபமாக நுழைந்தால் நீளம் சரி. நுழையாவிட்டால் பட்டையைக் குறுக்குங்கள். ஈரத்தில் தோல் நீளும், அதனால் துளையிட்டுத் தைக்காமல் பக்கிள் வையுங்கள்.

தைக்கவே வராதா? தார்ப்பாயை விரித்து, பட்டையின் இரு நீள வால்களையும் அதன்மேல் இணையாகப் போட்டு, ஓரங்களை அவற்றின்மேல் மடியுங்கள். நடுவில் சாமானை வைத்துச் சுருட்டி, வால்களை இழுத்தால் இரு முனையும் சுருக்குப் பை போல மூடிக்கொள்ளும். ஊசியே தேவையில்லை.

சமையல் சாமானுக்கு வனிகன் என்று ஒரு மரப்பெட்டி உண்டு (நம் வணிகன் இல்லை, பூர்வகுடி மக்களின் அல்கோன்குவிய மொழிகளிலிருந்து வந்த சொல்). 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரே நாளில் அடித்துவிடலாம். முதுகில் படும் விளிம்பை நன்றாக இழைத்துவிடுங்கள். இதையும் டம்ப்லைனில்தான் சுமப்பார்கள்.

பத்து கிலோவில் தொடங்கி, வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் இரண்டு வாரம் நடந்து பழகுங்கள். ஏற்கெனவே கழுத்து வலி இருந்தால் வேண்டாம். பாறையும் ஈர வேருமாக இருக்கும் பாதையில் நான் தோள்வாரைக் கழற்றிவிட்டுத் தலைப்பட்டையில் மட்டுமே சுமப்பேன். போன கோடையில் வேரில் கால் வழுக்கியது. தலையைச் சட்டென்று ஓர் உதறு உதறினேன்; பட்டை கழன்று பை பின்னால் விழுந்தது, நான் வெறும் கையோடு முழங்காலில் விழுந்தேன். தோள்வாரும் மாட்டியிருந்தால் அத்தனை பாரமும் என் மேல் வந்திருக்கும்.