எட்டுப் பேருக்குக் காய்கறி

கேள்வி: ஹிட்லரின் படை பிடித்து வைத்திருந்த நாடுகளில் யூத நண்பர்களைச் சிலர் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள் என்று படிக்கிறோம். ஒளித்து வைத்தது சரி, மாதக்கணக்கில் சோறு எப்படிப் போட்டார்கள்?

பதில்: நல்ல கேள்வி. ஒளிய ஓர் அறை எப்படியோ கிடைத்துவிடும், சாப்பாடுதான் பெரும்பாடு. போர்க்கால நெதர்லாந்தில் ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன் கூப்பன் வேண்டும், தலைமறைவானவர் தன் பெயரில் கூப்பன் கேட்டுப் போய் நிற்க முடியாது.

ஆம்ஸ்டர்டாமில், ஒளிந்திருந்தபோது எழுதிய நாட்குறிப்பால் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஜூலையில் அவளுடைய அப்பா ஓட்டோவின் அலுவலகக் கட்டடத்தின் பின்கட்டில் போய் ஒளிந்தார்கள், அப்புறம் வேறு நான்கு பேரும் சேர்ந்து மொத்தம் எட்டு வயிறு. ஓட்டோவிடம் வேலை பார்த்த மீப் கீஸ்தான் பையைத் தூக்கிக்கொண்டு காய்கறிக்கும் இறைச்சிக்கும் அலைந்தவர். நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த அவர் கணவர் யான் கூப்பன் கொண்டுவருவார். ரொட்டியும் பாலும் உடன் வேலை பார்த்த பெப் என்ற பெண்ணின் பொறுப்பு. காய்கறிக் கடைக்காரருக்கு விஷயம் புரிந்திருந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. அவரே தன் வீட்டில் இரண்டு யூதர்களை வைத்திருந்தார், அதற்காக 1944 மே மாதம் கைதானார். அப்படியும் சில சமயம் வாரக்கணக்கில் ஒரே காய்தான் பின்கட்டில்.

கீழே கிடங்கில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு விஷயம் தெரியாது. அதனால் பகலில் மேலே செருப்புச் சத்தமோ தண்ணீர்ச் சத்தமோ கேட்கக் கூடாது. மீப்பும் யானும் இதற்கு நடுவே தங்கள் வீட்டிலும் தலைமறைவான ஒரு கல்லூரி மாணவரை வைத்துக்கொண்டார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. மீப் பிறந்தது வியன்னாவில். முதல் உலகப் போருக்குப் பிறகு பட்டினியில் மெலிந்துபோன சிறுமியை அழைத்துவந்து சோறு போட்டு வளர்த்தது ஒரு டச்சுக் குடும்பம். பசி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் அப்படி அலைந்தார் என்று நான் நம்புகிறேன்.

இருபத்தைந்து மாதம் தாங்கியது. 1944 ஆகஸ்ட் 4 அன்று எல்லோரும் பிடிபட்டார்கள். அலுவலகத்தில் இருந்துகொண்டு உதவிய வேறு இரண்டு ஆண்களையும் கைது செய்து முகாமுக்கு அனுப்பினார்கள், இருவரும் உயிர் பிழைத்தார்கள். மீப்பை விட்டுவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, பணம் கொடுத்தாவது மீட்க முடியுமா என்று நாஜி போலீஸ் தலைமையகத்துக்கே போய்க் கேட்டார். பலிக்கவில்லை. எட்டுப் பேரில் ஓட்டோ மட்டும் 1945 ஜூனில் திரும்பி வந்தார். நேராக மீப் வீட்டுக்குத்தான் வந்தார், ஏழு வருடம் அங்கேயே இருந்தார்.