பழைய குற்றத்துக்குப் புதிய சட்டத்தின் சலுகை உண்டா?

2024 ஏப்ரலில் 4,000 ரூபாய் கைபேசியைத் திருடியதாக என் மகன் மீது வழக்கு. வேறு வழக்கே கிடையாது. இப்போது சமூக சேவை செய்தால் போதும் என்கிறார்களே?

தானாகக் கிடைக்காது, அம்மா. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1-இல். முதல் முறை தண்டனை பெறுபவர் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை என்பது அதன் 303-ஆம் பிரிவு. ஆனால் பழைய சட்டத்தின் கீழ் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனையே தொடரும் என்று 358-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் மகன் மீதான வழக்கு இந்திய தண்டனைச் சட்டம் 379-இல்தான் நிற்கும்.

அதற்காக மனம் தளர வேண்டாம். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, முதல் முறை திருடியவரைக் கண்டித்து அனுப்பவே நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அதை வக்கீல் எழுத்து மூலம் கேட்கட்டும். கேட்காமல் விட்டதால் சிறைக்குப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

நான் சட்ட மாணவன். அரசமைப்புச் சட்டத்தின் 20(1) இதற்கு உதவாதா?

குற்றம் நடந்தபோது இருந்த சட்டத்தைவிடக் கூடுதல் தண்டனை தருவதைத்தான் அது தடுக்கிறது, தம்பி. குறைந்த தண்டனையைக் கொடு என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவை தீர்ப்புகள். 1964-இல் தீர்ப்பான ரத்தன் லால் வழக்கைப் படியுங்கள். 16 வயதுப் பையனுக்கு 1962 மே மாதம் ஆறு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. நன்னடத்தைச் சட்டம் அந்த மாவட்டத்துக்கு வந்ததோ அதே ஆண்டு செப்டம்பரில். தண்டனையைக் குறைக்கும் சட்டத்தை முன்தேதியிட்டுப் பொருத்துவதில் தடையில்லை என்றது உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை. 1982-இல் டி. பராய் வழக்கிலும் அதே நோக்கு: உணவுக் கலப்பட வழக்கில் மேற்கு வங்கத் திருத்தம் ஆயுள் தண்டனை வரை போனது, பிறகு வந்த மத்தியத் திருத்தம் மூன்றாண்டாகக் குறைத்தது. அந்தக் குறைப்பின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைத்தது.

அப்படியானால் எப்போதும் குறைந்த தண்டனைதானா?

இல்லை. நாடாளுமன்றம் வெளிப்படையாகக் கோடு போட்டுவிட்டால் அதுதான் எல்லை. போதைப்பொருள் சட்டத்தின் 2001 திருத்தம் அளவுக்கேற்ப தண்டனையைப் பிரித்தது. நிலுவையில் இருந்த விசாரணைகளுக்கு அது பொருந்தியது, மேல்முறையீடுகளுக்குப் பொருந்தவில்லை. ஒரே நாளில் ஒரே அளவுடன் பிடிபட்ட இருவரில், விசாரணை சீக்கிரம் முடிந்தவர் பழைய பத்தாண்டிலேயே சிக்கிக்கொள்ள நேரும். இது நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆனால் 2004-இல் பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

என் தம்பி 2023 முதல் விசாரணைக் கைதி. புதிய ஜாமீன் விதி பொருந்துமா?

பொருந்தும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்தால் விடுவிக்கச் சொல்கிறது. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இல்லை. வேறு வழக்கு நிலுவையில் இருந்தாலும் இல்லை. சிறையில் அடைத்த தேதியை எண்ணிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு கடந்திருந்தால், நீதிமன்றத்துக்கு எழுதும்படி சிறைக் கண்காணிப்பாளரிடம் நாளைக்கே மனுக் கொடுங்கள். அது அவருடைய கடமை.